வகிட்டிலிருந்து அளந்தது

பிப்ரவரி 11, ஞாயிறு

மாமனாரின் வருஷத் திதி. இருந்தவர்கள்: பிள்ளையின் அப்பா, அவருடைய அக்கா சொர்ணம் மைனி, மைனியின் வீட்டுக்காரர் சண்முகவேல் அண்ணாச்சி, என் மகள் உலகு, நான். ஆக ஐந்து பேர். எல்லாருக்கும் முன்னால் சாப்பிட்ட காக்கையைச் சேர்த்தால் ஆறு.

வாழைக்காய்ப் பொரியல், சேனைக்கிழங்கு மசியல், பருப்பு, பாயசம், உளுந்த வடை இருபத்தொன்று. வடையில் மிச்சம் இரண்டு. பாயசத்தில் மிச்சமில்லை.

வெற்றிலை போடும்போது அண்ணாச்சி வழக்கமான பேச்சை எடுத்தார். பிள்ளையின் அப்பா குடும்பத்தில் யாருக்கும் சுருட்டை கிடையாது. எனக்கும் இடுப்புவரை நேர் முடி. உலகு தலை மட்டும் சுருள் சுருளாகக் கொத்தமல்லிக் கட்டு மாதிரி நிற்கும். "ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துட்டானுவ ஆவுடை. நல்லாப் பாத்து வாங்கிருக்கணும்" என்றார். கடையில் துவரம்பருப்புக்குப் பதில் கடலைப்பருப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்பது போலச் சொல்வார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பாத்திரம் தேய்க்கும்போது உலகு பக்கத்தில் வந்து நின்றாள். ஒன்பது வயது. கேள்வி கேட்பதற்கு முன் ஏதாவது வேலையைக் கையில் எடுத்துக்கொள்வாள். ஒரு டம்ளரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"நான் பொறந்த அன்னைக்கு அந்த ஆஸ்பத்திரியில எத்தன பிள்ளைக பொறந்துச்சும்மா?"

எதற்கு என்றேன். சும்மா என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். அவள் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"நீயும் மயக்கத்துலதான இருந்திருப்ப."

இப்போது மணி நான்கு. எல்லாரும் போய்விட்டார்கள். கையோடு எழுதிவிடுகிறேன். அந்தச் சுருட்டை எங்கிருந்து வந்தது என்று இந்த வீட்டில் ஒருத்திக்குத் தெரியும். அது நான்தான். என் முடி சுருட்டை. 2009-ல் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் என் அக்கா வடிவு, பாளையங்கோட்டையில் ஒரு நாற்காலி போட்டு பியூட்டி பார்லர் வைத்திருப்பவள், "டவுன்காரங்க ஆவுடை, காக்காக்கூடும்பாங்க" என்று மருந்து தடவி, இஸ்திரி போட்டு நேராக்கிவிட்டாள். ஆறு மாதத்தில் வேர்ப்பக்கம் சுருண்டு வரும். பங்குனியிலும் ஐப்பசியிலும் அக்கா வீட்டுக்கு இரண்டு நாள் போய்வருவேன். உண்டாகியிருந்தபோது மட்டும் மருந்து வேண்டாம் என்று, எண்ணெயை வழிய வைத்து இறுக்கிப் பின்னிச் சமாளித்தேன். ஏழாம் மாதத்தில் அக்கா அழைத்துக்கொண்டு போய்விட்டாள். பிள்ளையின் அப்பாவுக்கு இதுவரை தெரியாது. தென்காசியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவர்.

பதினைந்து வருஷத்தில் இதை எழுதுவது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 13, செவ்வாய்

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். உலகம்மன் சந்நிதியில் விளக்கு. இனி மருந்து வைப்பதில்லை என்று முடிவு. காரணம்: போன ஐப்பசியில் வைத்தபோது இடது காதுக்குப் பின்னால் தோல் வெந்து ஆறாமல் கிடந்தது. தோல் டாக்டர் அப்போதே வேண்டாம் என்றார். காரணம் இதுதான்.

தலையில் தொந்தரவு இல்லாமல் முடி வந்து சேர்ந்தால் திருச்செந்தூரில் பூ முடி கொடுக்கிறேன் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். மொட்டையில்லை, மூன்று கத்திரி மட்டும்.

உலகுவின் ஸ்கேலால் வகிட்டிலிருந்து அளந்தது: சுருட்டை 4.5 செ.மீ. மிச்சமெல்லாம் நேர்.

பிப்ரவரி 15, வியாழன்

மிளகாய் வற்றல் காயப்போட்டேன். மேகம் வந்து எடுத்துவிட்டேன். உலகுவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் அரை மணியில் அவள் அப்பாவுக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை. வளர்ந்தால் தானே தெரியப்போகிறது.

மார்ச் 1, வெள்ளி

5.2 செ.மீ.

நான் பத்தாவதோடு நின்றவள். மற்றதெல்லாம் நூலகத்திலும், பொட்டலம் கட்டிவந்த காகிதத்திலும், இப்போது போனிலும் படித்ததுதான். மருந்து முடியை விட்டுச் சொந்த முடிக்கு வருவதைப் பற்றி வீடியோ போடும் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். ஏதோ ஒரு நாட்டுப் பெண் குளியலறையில் நின்று அழுகிறாள். பாஷை புரியவில்லை. தலை புரிந்தது. மேலே சுருட்டை, கீழே நேர், இரண்டும் சேரும் இடத்தில் முடி ஒடிகிறது. அந்த இடத்தைத்தான் பத்திரமாகப் பார்க்க வேண்டுமாம். ஆளிவிதையைக் கொதிக்கவைத்து வடித்தால் கொழகொழவென்று வரும், அதைத் தடவ வேண்டும். நேற்று செய்தேன். துணியில் வடிவதற்குள் இறுகிவிட்டது. அவர் பார்த்து, "கஞ்சியா" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாய் குடித்தும் பார்த்தார். உப்பு இல்லை என்றார்.

இன்று மைனி வந்தார். சீயக்காய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டே என் சடையைப் பிடித்துப் பார்த்து, எப்போதும் சொல்வதைச் சொன்னார். கோரை முடி குடியைக் கெடுக்கும் என்று அவருடைய அம்மை சொல்லுமாம். ஒன்பது பொருத்தம் இருந்ததே என்றுதான் என்னைக் கட்டினார்களாம். கோரைப்புல் மாதிரி விறைத்துக்கொண்டு நேராக நிற்கும் முடி ஆகாதாம். சுருட்டை முடிதான் சோறு போடுமாம்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம் முதல் இதைக் கேட்கிறேன். உலகு பிறக்க ஐந்து வருஷம் ஆனபோதும் கோரை முடிதான் காரணம். கடைக்கூரை ஒழுகியபோதும் அதுதான். டவுன்காரர்களுக்குப் பிடிக்கும் என்று அக்கா நேராக்கினாள். இவர்களுக்குப் பிடித்தது சுருட்டை. எனக்கு இருந்ததும் சுருட்டை. நடுவில் நான் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 4, திங்கள்

உலகுவின் வகுப்பில் காவ்யா என்று ஒரு பிள்ளை. இருவருக்கும் ஒரே நாள் பிறந்தநாள், அக்டோபர் 14. காவ்யாவுக்குச் சீப்பை வைத்தால் வழுக்கிக்கொண்டு இறங்குகிற முடி. பள்ளிக்கூட வாசலில் உலகு என் கையைப் பிடித்து, அந்தப் பக்கம் ஸ்கூட்டியில் நின்ற பெண்ணைக் காட்டினாள். ஹெல்மெட் போட்டிருந்தார். காவ்யாவின் அம்மாவாம்.

"அவங்களுக்குச் சுருட்டையாம்மா?"

ஹெல்மெட்டுக்குள் எப்படித் தெரியும் என்றேன். கழற்றுகிறவரைக்கும் நிற்போம் என்றாள். நின்றோம். கழற்றவில்லை, போய்விட்டார்.

காவ்யா மதுரையில் பிறந்தவள் என்று விசாரித்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். சாயங்காலம் அவளுடைய ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பார்த்தேன். "மதுரை டு தென்காசி 3 ½ மணி நேரம்" என்று எழுதி வைத்திருக்கிறாள்.

என்ன செய்ய. முடி தினமும் வளரவா செய்கிறது, ஸ்கேலுக்குத் தெரியும்படி.

மார்ச் 26, செவ்வாய்

நேற்று பங்குனி உத்திரம். சாஸ்தா கோவிலுக்குப் போய்விட்டு அக்கா வீட்டில் தங்கினேன். மருந்து வைக்க மாட்டேன் என்று சொல்லத்தான் போனேன். ஆனால் அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டதும் உட்கார்ந்துவிட்டேன். பழக்கம். துண்டையும் போர்த்திவிட்டாள். கிண்ணத்தில் மருந்தைக் குழைக்கும் வாசம் வந்ததும் கண்ணில் நீர் கொட்டியது. வெளியே அக்கா மகள் பிரதிபா காலேஜ் பையோடு வாசலில் நின்று மூக்கைப் பொத்தினாள். அவளுக்கும் எங்கள் முடிதான். உச்சியில் கொண்டை போட்டு ஒரு பேனாவைச் செருகியிருந்தாள்.

எழுந்துவிட்டேன். வேண்டாம் அக்கா என்றேன். காதுப் புண்ணைக் காரணம் சொன்னேன். புண் ஆறிவிட்டதே என்று காதைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு உலகு விஷயத்தைச் சொன்னேன். மயக்கத்தில் இருந்திருப்பாய் என்று பிள்ளை சொன்னதையும் சொன்னேன். அக்கா கிண்ணத்தை வைத்துவிட்டாள்.

"அப்ப நான் செஞ்சது தப்பு. அதத்தான சொல்ல வந்திருக்க? என் கையால உனக்கு வாழ்க்கை அமைஞ்சுது ஆவுடை. அத மறந்துராத."

தப்பு என்று சொல்லவில்லை என்றேன். இனி வேண்டாம் என்றுதான் சொன்னேன். குழைத்த மருந்தை என்ன செய்வது என்று அதற்கு வேறு ஏசினாள். ஆனாலும் பஸ்ஸில் ஏறும்போது மாவடு பாட்டில் கொடுத்துவிட்டாள். மூடி சரியில்லை. பாதி வழி தாண்டியதும் என் சேலையெல்லாம் உப்புத் தண்ணீர்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை விஷு. கனி பார்த்தோம். 6.8.

மே 7, செவ்வாய்

கூழ் வடகம் இரண்டு படி. வெயில் நல்ல வெயில்.

இரண்டு முடியையும் சேர்த்துப் பின்னுவது பெரிய பாடாக இருக்கிறது. மேலே பந்தாக எழும்புகிறது. கீழே எலிவால். எண்ணெய் போட்டுப் படிய வைத்து, மேலே மல்லிகைப்பூ இரண்டு முழம் வைத்து மறைக்கிறேன். "என்ன, தினமும் கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி" என்றார் அவர். அவருக்குப் பூ பிடித்திருக்கிறது. இன்று அவரே வாங்கிவந்தார்.

மதியம் உலகு தூங்கும்போது பார்த்தேன். தலையில் ஈரத்துண்டை இறுகக் கட்டி, அதற்கு மேல் அவள் அப்பாவின் பெல்ட்டைப் போட்டுப் பூட்டியிருந்தாள். நெற்றியில் பக்கிள் பதிந்திருந்தது. அவிழ்த்துவிட்டேன். எழுந்ததும் கண்ணாடியில் பார்த்தாள். சுருட்டை அப்படியேதான் இருந்தது. வடகத்துக்குக் காவல் போய் உட்கார்ந்தாள்.

காதுப் புண்ணால்தான் மருந்தை விட்டேன் என்று பிப்ரவரியில் எழுதியது முழு உண்மையில்லை. சாமிக்குத் தெரியும். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. தென்காசியில் வாழ்க்கைப்பட்டுப் பதினைந்து வருஷம். கூப்பிடு தூரத்தில் அருவி. ஒரு நாள் கூட நான் தலை கொடுத்ததில்லை. நனைந்தால் வேர்ச் சுருட்டை தெரிந்துவிடும் என்று, எனக்குச் சளி பிடிக்கும் என்பதாக முதல் வருஷமே சொல்லிவைத்துவிட்டேன். எல்லாரும் குளிப்பார்கள். நான் பையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இன்று ஐந்தருவிக்குப் போனோம். பையை அவரிடம் கொடுத்தேன். நானும் குளிக்கப் போகிறேன் என்றேன். சளி என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு பையை வாங்கிக்கொண்டார்.

உலகு கையைப் பிடித்துப் பெண்கள் பக்கம் போய்த் தலையைக் கொடுத்தேன். முதலில் அடிப்பது போல் இருந்தது. பிறகு யாரோ பெரிய கையால் எண்ணெய் தேய்த்துவிடுவது போல் இருந்தது. பூ போனது. பின்னல் அவிழ்ந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் தெரியாது. ஒதுங்கி வந்து தண்ணீரை வழித்துவிட்டபோது உலகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் வந்து என் நெற்றியோரம் ஒரு சுருளைப் பிடித்து இழுத்து விட்டாள். அது திரும்பிச் சுருண்டது. தன் தலையில் ஒன்றைப் பிடித்து இழுத்து விட்டாள். அதுவும் சுருண்டது. மறுபடி என்னுடையதை.

"அம்மா, உன் தலையில என் முடி இருக்கு."

"உன் முடி இல்லட்டி. என் முடிதான். அதத்தான் உனக்குக் குடுத்தேன்."

"அப்ப கீழ இருக்கது?"

"அது மருந்து."

காவ்யா அப்போ யார் என்று கேட்டாள். காவ்யா அவளுடைய அம்மா பிள்ளை என்றேன். சரி என்று திரும்பிப் போய் அருவிக்குள் நின்றுகொண்டாள். உதடு நீலமாகும்வரை வரவில்லை. அழுதாளா என்று தெரியவில்லை. அருவிக்குள் தெரியாது.

அவர் படியில் நின்றிருந்தார். சாரல் பட்டுக் கண்ணாடி மங்கிப்போயிருந்தது. எங்களைக் கண்டதும் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு திரும்பக் கழற்றித் திரும்பத் துடைத்தார்.

ஆட்டோவில் உலகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரி, மதுரை, மூன்றரை மணி நேரம், ஹெல்மெட், மருந்து. அவர் அவள் தலையைத் தன் மடியில் வைத்துத் துவட்டிக்கொண்டே வந்தார். என்னிடம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, கடைச் சாவியை ஆணியில் மாட்டும்போது கேட்டார்.

"அப்ப அன்னைக்கு நான் பிடிச்சிருக்குன்னு சொன்னது யாரை?"

ஜூன் 25, செவ்வாய்

சாப்பிடுகிறார். போகிறார். வருகிறார். உலகுவிடம் மட்டும் பேசுகிறார்.

ஜூன் 26, புதன்

அப்படியேதான். உலகு தலைக்கு ஆளிவிதை போட்டேன். துள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். ஒரு பக்கம் அவ்வளவு நிம்மதி. இன்னொரு பக்கம் தேங்காய் துருவும்போது கை நின்றுவிடுகிறது. மறைத்தது முடியைத்தானே என்று ஒரு மனது சொல்கிறது. பதினைந்து வருஷம் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பொய் சொன்னால் முப்பது பொய். எண்ணிவிட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

காலையில் பூஜை முடித்துத் திருநீறு கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு மைனஸ் ஏழு. தெரியும்லா?"

தெரியும் என்றேன்.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட மாப்பிள்ளைன்னு பொண்ணு பயந்துரும்னு அக்கா கழத்தி அவ பையில போட்டுக்கிட்டா. உங்க வீட்டுப் படி ஏறுனதே அத்தான் கையப் பிடிச்சுத்தான்."

அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். பச்சையாக ஏதோ ஒன்று வந்ததாம். மூஞ்சி தெரியவில்லை, முடி தெரியவில்லை. காப்பியை நீட்டியபோது கை மட்டும் பக்கத்தில் வந்ததால் தெரிந்ததாம். சீனி போதுமா என்று நான் கேட்டேனாம். அந்த வீட்டில் அன்றைக்கு அவரிடம் ஒரு விஷயம் கேட்ட ஒரே ஆள் நான்தானாம். அதற்குத்தான் சரி என்று சொன்னாராம்.

பிறகு நாலு நாளாக ஏன் இந்தக் கோபம் என்று கேட்டேன்.

"நீ என்கிட்ட சொல்லலன்னு கோவம். பெறகு, நானும் சொல்லலயேன்னு நெனச்சேன். அத ஒத்துக்க நாலு நாளாயிட்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சாமி முன்னால் சிரிக்கக் கூடாது என்று அடுக்களைக்குப் போனேன். அங்கே போய் அழுதேன். இட்லி கொஞ்சம் கல்லாகிவிட்டது. மூன்று சாப்பிட்டார்.

ஜூலை 7, ஞாயிறு

மைனியும் அண்ணாச்சியும் வந்தார்கள். பூ வைத்து மறைக்கவில்லை. அவர்தான் விஷயத்தைச் சொன்னார், சுருக்கமாக, ஒரு பிரேம் விலை சொல்வது போல.

மைனி என் பின்னலை அவிழ்க்கச் சொல்லி, மேலே ஒரு தரம் கீழே ஒரு தரம் தடவிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"பதினஞ்சு வருசமா இல்லாத முடியப் போட்டு ஏசிருக்கேன். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா பிள்ள?"

மன்னித்துக்கொள்ளுங்கள் மைனி என்றேன். மன்னிப்பெல்லாம் எதற்கு, இனி எதைச் சொல்லி உன்னை ஏசுவேன் என்றார். அண்ணாச்சிக்கு அதைவிடக் கஷ்டம். அவருடைய ஆஸ்பத்திரிப் பேச்சு போய்விட்டது. காப்பி குடித்து முடிக்கும்வரை யோசித்து, "அப்ப பொண்ணு பாத்த அன்னைக்கு ஆவுடையத்தான் மாத்திக் குடுத்துட்டானுவ" என்றார். உலகுதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

போகும்போது மைனி வாசலில் நின்று, போன வருஷம் கடைக்குக் கூட்டம் வந்ததற்கெல்லாம் உள்ளே ஒளிந்திருந்த சுருட்டைதான் காரணம் என்று அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டு போனார்.

வகிட்டிலிருந்து 10.

ஆகஸ்ட் 9, ஆடி வெள்ளி

அம்மனுக்குக் கூழ். உப்பு போட்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

உலகுவுக்குப் பத்து முடிந்தது. சாயங்காலம் காவ்யாவும் அவளுடைய அம்மாவும் சாக்லேட்டோடு வந்தார்கள். கேசரி கொடுத்தேன். காவ்யா உலகுவின் தலையில் விரலை விட்டு விளையாடிக்கொண்டே, தனக்கும் இப்படி வருமா என்று கேட்டாள். உலகு பெரிய மனுஷி போல விளக்கம் சொன்னாள். "அது அம்மாகிட்ட இருந்தாத்தான் வரும்." காவ்யாவின் அம்மா தன் முடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

13.5.

நவம்பர் 17, ஞாயிறு

நேர் முடியை வெட்டிவிட்டோம்.

யாரிடம் வெட்டுவது என்று ஒரு வாரம் யோசித்தேன். அக்கா இப்போது போனில் பேசுகிறாள், ஆனால் அவளிடம் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தானே வெட்டுவதாக அவர் சொன்னார். கண்ணாடிக் கடையில் மயிரிழை மாதிரி ஸ்க்ரூ முடுக்குகிற கைதானே. முற்றத்தில் முக்காலி போட்டு உட்காரவைத்து, தலையை ஈரமாக்கி, கொத்துக் கொத்தாக எடுத்து, சுருட்டை நிற்கும் இடம் எது என்று கண்ணருகில் வைத்துப் பார்த்து வெட்டினார். உலகு ஹேர்கிளிப்பை எடுத்துக் கொடுத்தாள். எண்பத்திரண்டு கொத்து. இரண்டு மணி நேரம். நடுவில் பால்காரர் வந்து, ஒன்றும் கேட்காமல் பாலை ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

முடிந்ததும் கழுத்தில் காற்று பட்டது. தலை என்னுடையது போல இல்லை. கொஞ்ச நேரத்தில் என்னுடையது போல இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். பெரிய உலகு.

அக்கா போனில் கேட்டாள். வெட்டினதைக் காகிதத்தில் சுற்றித் திருச்செந்தூருக்குக் கொண்டு போ, நேர்த்திக்கடனும் முடிந்துவிடும் என்றாள். எனக்கும் ஒரு நிமிஷம் சரி என்றுதான் பட்டது. அப்புறம், எப்படியும் தூரப் போடப் போவதைச் சாமிக்குக் கொடுக்கலாமா? அழுகின பழத்தை அரிந்து நல்ல பக்கத்தை நாம் வைத்துக்கொண்டு மற்றதைப் படைப்போமா? அது வேண்டாம் அக்கா என்றேன். வெட்டியதைத் தென்னை மரத்தடியில் புதைத்தோம்.

நவம்பர் 24, ஞாயிறு

திருச்செந்தூர். மூன்று பேரும் கடலில் குளித்தோம். முடி இறக்கும் இடத்தில் இருந்தவர் என் தலையைப் பார்த்து, "இருக்கதே இவ்வளவுதான். இதுலயாம்மா?" என்றார். இதில்தான் என்றேன். மூன்று இடத்தில் கத்திரி வைத்தார். மூன்றும் புதுச் சுருட்டை. அவருடைய உள்ளங்கையில் விழுந்ததும் மூன்றும் சுருண்டுகொண்டன. எனக்குக் கொடுக்க வலித்தது. வலித்ததால்தான் கொடுத்த மாதிரி இருந்தது.

நாழிக்கிணற்றில் உலகு வழுக்கி விழப் பார்த்தாள். அவர் பிடித்துவிட்டார். கண்ணாடி போட்டிருந்தார்.

டிசம்பர் 3, செவ்வாய்

அக்காவுக்கு எழுதியதை இங்கே பிரதி எடுத்து வைக்கிறேன். தபால் போய்ச் சேர நாளாகும், படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

அன்புள்ள வடிவு அக்காவுக்கு,

இங்கு எல்லாரும் சுகம். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரதிபாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னாய். ரொம்பச் சந்தோஷம். பையன் பள்ளிக்கூட வாத்தியார் என்றால் நல்லதுதான். நாங்கள் மூன்று பேரும் சனிக்கிழமையே வந்துவிடுவோம். கேசரிக்கு முந்திரி நான் கொண்டு வருகிறேன், வாங்காதே.

வியாழக்கிழமை அவளுக்கு மருந்து வைக்கப்போகிறாய் என்றும் சொன்னாய். நேற்று பிரதிபா எனக்குப் போன் செய்தாள். வேண்டாம் என்று சொல்லச் செய்யவில்லை. அழவும் இல்லை. கடைக்குப் போய் விலை கேட்பது போலத்தான் கேட்டாள். "சித்தி, கல்யாணம் ஆகி எத்தன வருசம் கழிச்சு சொன்னா பரவால்ல?"

பதினைந்து என்று எப்படிச் சொல்வேன்?

உன் கையால் எனக்கு வாழ்க்கை அமைந்தது என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. உன் கை சுத்தமான கை. என் வாழ்க்கையும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பிள்ளை நாலு மாதம் தன்னை யாரோ வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு டம்ளர் துடைத்தது. அதை நான் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அது உன்மேல் இல்லை, என்மேல்.

மருந்து வைக்காதே என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு ஆசை என்றால் வை, அது அவள் தலை. அவளைத் தனியாக உட்காரவைத்து, வேண்டுமா வேண்டாமா என்று ஒரு தரம் கேள். என்னிடம் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, உன்னையும் சேர்த்து. வைப்பதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அவர்களிடமும் சொல்லிவிடுவோம், நானே சொல்கிறேன்.

கேட்டாயா, அவள் என்ன சொன்னாள் என்று நாளை சாயங்காலத்துக்குள் எனக்குப் பதில் போடு.

ஆவுடை